மூன்று கண்ணாடிப் பட்டையும் 60 டிகிரியும்

திருவிழாக் கடையில் வாங்கிய கலைடாஸ்கோப்பை உடைத்துப் பார்க்காத பிள்ளை இருக்காது. நெம்மாற–வல்லங்கி வேலத் திருவிழாவோ கல்பாத்தித் தேரோ, பலூனுக்கும் பீப்பிக்கும் நடுவே அந்த அட்டைக் குழாய் எங்காவது தொங்கும். வாங்கிய அன்று முழுக்க ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். மறுநாள் பொறுமை தீர்ந்துவிடும். அந்தப் பூவெல்லாம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று குழாயைப் பிரித்துவிடுவார்கள். உள்ளே மூன்று கண்ணாடிப் பட்டை, அவை ஆடாமல் இருக்கச் செருகிய பழைய பேப்பர், நுனியில் இரண்டு பிளாஸ்டிக் வட்டத்துக்கு நடுவே ஏழெட்டு வளையல் துண்டு. அவ்வளவுதான். பூவும் இல்லை, சக்கரமும் இல்லை, முடுக்குகிற சாவியும் இல்லை.

துண்டுகளை எண்ணிப் பார்த்த பிள்ளை அடுத்ததாகக் கேட்பது நியாயமான கேள்வி. ஏழு துண்டு எப்படி எழுநூறு ஆனது? பாடப்புத்தகம் ‘பன்முக எதிரொளிப்பு’ என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடும். ஆனால் பல முறை எதிரொளித்தால் மட்டும் பூ வந்துவிடாது. சலூனில் எதிரெதிரே மாட்டிய இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்தால் நம் தலை ஒன்றன்பின் ஒன்றாக, பச்சை படிந்து மங்கியபடி, கண்ணுக்கு எட்டாத தூரம்வரை போகிறது. எதிரொளிப்புக்கு அங்கே பஞ்சமே இல்லை, பூவைத்தான் காணோம். பூவைச் செய்வது கோணம்.

இதைக் கையால் செய்து பார்ப்பது எளிது. எங்கள் பாலக்காட்டுப் பக்கத்தில், கொழிஞ்சாம்பாறையிலோ கொல்லங்கோட்டிலோ, படத்துக்குச் சட்டம் போடும் கடையில் கேட்டால் மிச்சம் விழுந்த கண்ணாடித் துண்டு சும்மாவே கிடைக்கும். ஒரே அளவான இரண்டு ரசக் கண்ணாடிகளை முதுகுப் பக்கம் டேப் ஒட்டி, புத்தகம்போலத் திறந்து மூட முடிகிற மாதிரி செய்து மேசைமேல் நிறுத்துங்கள். நடுவில் ஒரு தாளில் ‘க’ என்று பெரிதாக எழுதி வையுங்கள். ‘க’தான் வேண்டும், இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கிற எழுத்து இந்தச் சோதனைக்கு ஆகாது.

கண்ணாடிகளை 90 டிகிரிக்குத் திறந்து வைத்தால் நான்கு ‘க’ தெரியும். ஒன்று நிஜம், மூன்று பிம்பம். இடக் கண்ணாடியில் ஒன்று, வலக் கண்ணாடியில் ஒன்று. இரண்டும் இடம் வலம் மாறித் தெரியும். மூலையில் தெரியும் மூன்றாவது ‘க’ மட்டும் இடம் வலம் மாறாமல் நேர் எழுத்தாகவே இருக்கும். கண்ணாடிக்குள் தெரியும் கண்ணாடியும் கண்ணாடி வேலையைப் பார்ப்பதால் இது நடக்கிறது. ஒரு முறை புரண்ட எழுத்து இன்னொரு முறை புரண்டு நேராகிவிட்டது. கோணத்தை 60 டிகிரியாகக் குறைத்தால் ஆறு ‘க’ வரும். 45 என்றால் எட்டு. 30 என்றால் பன்னிரண்டு. 360ஐக் கோணத்தால் வகுத்தால் வருவது மொத்த எண்ணிக்கை. அதில் ஒன்று கழித்தால் பிம்பங்களின் எண்ணிக்கை.

இதுவரை பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது கண்ணாடிகளை 72 டிகிரிக்குத் திறந்து பாருங்கள். 360ஐ 72ஆல் வகுத்தால் 5. ஐந்து இதழ்ப் பூ வர வேண்டும். வராது. நமக்கு நேர் எதிரே இருக்கும் இதழில் குளறுபடி நடக்கும்: தலையை இடப்பக்கம் சாய்த்தால் அங்கே ஒரு மாதிரியும், வலப்பக்கம் சாய்த்தால் வேறு மாதிரியும் தெரியும். காரணத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். நேர், புரண்டது, நேர், புரண்டது என்றுதான் இதழ்கள் மாறி மாறி வர முடியும். ஆறு இதழ் என்றால் ஆறாவது புரண்டு முடியும், அதற்கு அடுத்தது நேராக இருக்கிற முதல் இதழ். வட்டம் சரியாக மூடிக்கொள்ளும். ஐந்து இதழ் என்றால் ஐந்தாவதும் நேர், அடுத்து வரும் முதலாவதும் நேர். இரண்டு நேர் பக்கத்துப் பக்கத்தில் வரக் கண்ணாடி ஒத்துக்கொள்ளாது. ஆகவே 360ஐ வகுத்தால் முழு எண் வந்தால் போதாது, இரட்டைப்படை எண் வர வேண்டும். கலைடாஸ்கோப்பில் ஐந்து முனை நட்சத்திரம் வேண்டுமென்றால் 72 டிகிரியை மறந்துவிட்டு 36க்குப் போக வேண்டும். பத்துக் கூறு வரும், இரண்டிரண்டு கூறு சேர்ந்து ஒரு முனை ஆகும்.

இந்த இரட்டைப்படை விதிதான் கலைடாஸ்கோப்பின் உயிர். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவருக்குத்தான் அந்தப் பொருளைச் செய்த பெருமையும் போய்ச் சேர்ந்தது.

அவர் டேவிட் பிரூஸ்டர். 1781இல் ஸ்காட்லாந்தின் ஜெட்பரோவில் பிறந்தவர். பாதிரியாராகப் படித்தார், பிரசங்க மேடையில் ஏறினால் படபடப்பு வந்துவிடும் என்பதால் அதை விட்டுவிட்டு ஒளியியலில் இறங்கினார். ஒளிக்கு அது நல்ல காலம். கண்ணாடியிலோ தண்ணீரிலோ பட்டுத் திரும்பும் ஒளி ஒரு குறிப்பிட்ட கோணத்தில் முழுக்க ஒரே தளத்தில் அதிரும். சாதாரணக் கண்ணாடிக்கு அந்தக் கோணம் சுமார் 56 டிகிரி. இன்றும் அதற்குப் பிரூஸ்டர் கோணம் என்றுதான் பெயர். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர் ஈரத் தாரின் கூச்சத்துக்குப் போலராய்டு கண்ணாடி மாட்டிக்கொண்டால், 1815 வாக்கில் பிரூஸ்டர் செய்த கணக்கைத்தான் மூக்கில் மாட்டிக்கொள்கிறார்.

இந்த ஆராய்ச்சிக்காக 1814இல் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே ஒளியை மீண்டும் மீண்டும் எதிரொளிக்க விட்டுக்கொண்டிருந்தார். தகடுகள் சற்றுச் சாய்ந்திருந்தபோது மெழுகுவத்திச் சுடரின் பிம்பங்கள் வட்டமாக அடுக்கி நின்றதைக் கவனித்தார். அழகாக இருந்தது, ஆனால் அப்போது அதில் நேரம் செலவழிக்கவில்லை. பிறகு வேறொரு சோதனை. திரவத்தை ஊற்றிப் பார்க்க இரண்டு தகடுகளைக் கோணமாகச் சேர்த்து ஒட்டித் தொட்டிபோலச் செய்திருந்தார். ஒட்டிய பசையில் கொஞ்சம் இடுக்கு வழியே பிதுங்கி, தகடுகளின் அந்தக் கடைசி முனையில் உருண்டு நின்றது. இந்த முனையில் கண்ணை வைத்துப் பார்த்தால் அந்த அழுக்குப் பசை, அச்சில் வார்த்த மாதிரி ஒழுங்கான உருவமாகத் தெரிந்தது. சுடரின் பிம்பங்கள் கொடுக்காத ஒழுங்கை ஒரு சொட்டுப் பசை கொடுத்தது ஏன் என்று யோசித்த இடத்தில்தான் கருவி பிறந்தது. சுடர் தகடுகளை விட்டுத் தூரத்தில் இருந்தது. பசை தகடுகளின் முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பிரூஸ்டர் மூன்று நிபந்தனைகளை எழுதி வைத்தார். கோணம் வட்டத்தைச் சரியாகப் பங்கிட வேண்டும். பார்க்கப்படும் பொருள் கண்ணாடிகளின் முனையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். கண், கண்ணாடிகள் சேரும் மூலைக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும். கடைசி இரண்டில் ஒன்று தவறினாலும் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகும், சில இதழ் பெருத்தும் சில சிறுத்தும் தெரியும். நுனியைத் திறந்துவிட்டு, துண்டுகள் இல்லாத வெறும் குழாயால் தெருவைப் பாருங்கள், புரியும். தூரத்துப் பொருளையும் பூவாக்க வேண்டுமென்றால் முன்னால் ஒரு குவிலென்சைப் பொருத்தி, பொருளின் பிம்பம் கண்ணாடிகளின் முனையில் விழும்படி செய்ய வேண்டும். இதையும் பிரூஸ்டரே செய்துவிட்டார். தேவிகுளம் சரிவில் நின்றுகொண்டு அந்த மாதிரிக் குழாயைத் தேயிலைக் காட்டுப் பக்கம் திருப்பினால் காடு முழுக்க ஆறாக மடிந்து நிற்கும். பாதையில் ஒரு ஜீப் வந்தால் ஆறு ஜீப் ஒரே புள்ளியை நோக்கிப் போய் மறையும்.

இரண்டு கண்ணாடிகளைச் சாய்த்து வைத்துப் பார்த்த முதல் ஆள் அவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்தாலியின் ஜாம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா 16ஆம் நூற்றாண்டிலேயே இப்படிப்பட்ட கண்ணாடி வேடிக்கைகளை எழுதியிருக்கிறார். 1646இல் அதநாசியுஸ் கிர்ச்சர் என்ற ஜெசுவித் துறவி, புத்தகம்போல விரியும் இரண்டு கண்ணாடிகளில் கோணத்துக்கு ஏற்பப் பிம்பங்கள் கூடுவதை விளக்கினார். 1717இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பிராட்லி, தோட்டப் பாத்திகளுக்கு வடிவம் வரைய அதே இரட்டைக் கண்ணாடியைத் தாளின்மேல் நிறுத்திப் பயன்படுத்தச் சொன்னார். பிரூஸ்டரின் கருவி பிரபலமானதும், இதில் புதிது என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் இந்தப் பெயர்களைத்தான் எடுத்து வீசினார்கள். என் கணிப்பில் பிரூஸ்டர் பக்கம்தான் நியாயம். பிராட்லியின் கண்ணாடியில் தோட்டக்காரர் மேலிருந்து எட்டிப் பார்த்தார். கண்ணை எங்கே வைப்பது, பொருளை எங்கே வைப்பது என்று கேட்டு, அந்த இடங்களைக் குழாயால் கட்டிப்போட்டது பிரூஸ்டர்.

நியாயம் இருந்தது, பணம் வரவில்லை. 1817இல் காப்புரிமை வாங்கினார். விற்பனைக்குப் போதுமான எண்ணிக்கை தயாராகும் முன்பே மாதிரி ஒன்றை லண்டன் கண்ணாடி வியாபாரிகளுக்குக் காட்டியதில் குட்டு உடைந்துவிட்டது. தகரக் குழாயும் இரண்டு கண்ணாடித் துண்டும் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பொருளை எந்த வழக்கு மன்றம் காவல் காக்கும்? மூன்றே மாதத்தில் லண்டனிலும் பாரிஸிலும் 2,00,000 கலைடாஸ்கோப் விற்றதாகக் கணக்குச் சொல்கிறார் பிரூஸ்டர். கிழக்கிந்திய நாடுகளுக்குக் கப்பல் சரக்காகப் பெருமளவில் போனதையும் அவரே 1819இல் வெளியான தம் நூலில் குறிப்பிடுகிறார். அன்று பாலக்காடு மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. மூணாறு மலையில் தேயிலை என்ற பேச்சே எழவில்லை.

அதே நூலில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். எனக்கு அதுதான் சுவாரசியம். விற்ற அந்த இரண்டு லட்சத்தில் விதிப்படி செய்யப்பட்டவை ஆயிரம்கூடத் தேறாதாம். பணம் போனவரின் ஆற்றாமையாக இதைத் தள்ளிவிட முடியாது. கணக்கைப் பாருங்கள். 60 டிகிரிக்குப் பதில் 61 டிகிரி வைத்துவிட்டால் ஒரு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பிழை ஒவ்வொரு இதழிலும் சேர்ந்துகொண்டே போகும்: ஆறு இதழுக்கு 366 டிகிரி. ஆறு டிகிரி அதிகப்படி முழுக்க எதிர்ப்பக்கத்து மூட்டில் வந்து விழும். அங்கே இரண்டு பாதிப் பூக்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நிற்கும். பன்னிரண்டு இதழ்க் குழாயில் அதே ஒரு டிகிரி பன்னிரண்டு டிகிரி ஆகும். தகரக் கொட்டகையில் அவசரமாகக் கோணம் பார்த்து ஒட்டிய குழாய்களில் எத்தனை தப்பித்திருக்கும்?

நம் திருவிழாக் குழாய் இந்தச் சிக்கலிலிருந்து தந்திரமாகத் தப்பியிருக்கிறது. பிரூஸ்டரின் அடிப்படை வடிவத்தில் கண்ணாடி இரண்டே. நம்முடையதில் மூன்று. ஒரே அகலத்தில் மூன்று பட்டை வெட்டி முக்கோணமாகச் சேர்த்தால் மூலைகள் தாமாகவே 60 டிகிரிக்கு வந்துவிடும். கோணமானி வேண்டாம், கணக்கு வேண்டாம். இந்தப் பொம்மை இருநூறு ஆண்டுகளாகச் சாகாமல் இருப்பதற்கு அழகைவிட இந்தச் சௌகரியம்தான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான்: 15 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்தில் மூன்று பட்டை.

மூன்றாவது கண்ணாடி வந்ததும் காட்சியும் மாறிவிடுகிறது. இரண்டு கண்ணாடியில் நடுவே ஒரே ஒரு பூ, சுற்றிலும் இருட்டு. மூன்று கண்ணாடியில் ஒவ்வொரு மூலையும் ஒரு பூவைச் செய்கிறது, அந்தப் பூவை மற்ற கண்ணாடிகள் எதிரொளிக்கின்றன, தரையோடு பதித்த மாதிரி நாலாபுறமும் முடிவில்லாமல் பரவுகிறது. எந்த முக்கோணம் வேண்டுமானாலும் இதைச் செய்யாது. மூன்று மூலைகளுமே இரட்டைப்படை விதிக்குக் கட்டுப்பட வேண்டும். அதாவது 90, 60, 45, 36, 30 என்கிற வரிசையிலிருந்துதான் மூன்று கோணங்களை எடுக்கலாம், கூட்டினால் 180 வர வேண்டும். கூட்டிப் பாருங்கள். 60–60–60, 90–45–45, 90–60–30. இந்த மூன்றைத் தவிர நான்காவது கிடைக்காது. முக்கோணத்தை விட்டால் நான்கு கண்ணாடியில் செவ்வகம் ஒன்று உண்டு. டொராண்டோவின் கணித மேதை காக்ஸிட்டர், மூன்று பரிமாணத்திலும் அதற்கு மேலும் இப்படி எந்தெந்தக் கண்ணாடிக் கூடுகள் சாத்தியம் என்று 1930களில் பட்டியலிட்டார். அவர் பெயரில் உள்ள ‘குலங்கள்’ (groups) இல்லாமல் இன்றைய இயற்கணிதம் நகராது. அந்தப் பெரிய பட்டியலின் மிகச் சின்ன வரிகளில் ஒன்று நம் வேலக்கடைக் குழாய்.

வகுப்பில் பிள்ளைகள் செய்யும் குழாய் ஏன் பல நேரம் கடைக் குழாய் அளவுக்குக்கூட வருவதில்லை? பட்டையின் அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் போதும். 40, 40, 41 மி.மீ. என்று மூன்று பட்டை சேர்ந்தால் ஒரு மூலை ஏறக்குறைய 61.7 டிகிரி ஆகிவிடும். ஆறு இதழ் சுற்றி வரும்போது பத்து டிகிரி உதைக்கும். அதைவிட அடிக்கடி நடப்பது, ஒரு பட்டையின் ஓரத்தை இன்னொரு பட்டையின் முகத்தின்மேல் ஏற்றி ஒட்டிவிடுவது. கண்ணாடி 3 மி.மீ. தடிமன் என்றால் அகலம் அங்கேயே 3 மி.மீ. போய்விட்டது. ஓரமும் ஓரமும் முட்ட வேண்டும். மூன்று பட்டையையும் மேசைமேல் வரிசையாகக் கவிழ்த்துப் படுக்க வைத்து, முதுகில் டேப் ஒட்டி, பிறகு மடித்துத் தூக்குவதே பாதுகாப்பான வழி.

அடுத்தது கண்ணாடியின் தரம். உடைத்த பொம்மைக்குள் பார்த்தால் பல நேரம் ரசம் பூசிய கண்ணாடியே இருக்காது. சன்னலுக்குப் போடும் வெறும் கண்ணாடியில் ஒரு பக்கம் கறுப்புச் சாயம் அடித்திருப்பார்கள். ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம். வெறும் கண்ணாடியை நேருக்கு நேர் பார்த்தால் அதன் முன்பரப்பு 100இல் 4 பங்கு ஒளியைத்தான் திருப்பும். ஆனால் படுத்த வாக்கில் விழும் ஒளியை அது தாராளமாகத் திருப்பிவிடும்: படுகோணம் 80 டிகிரி என்றால் 39 பங்கு, 85 என்றால் 61 பங்கு. நீண்டு ஒடுங்கிய குழாயில் ஒளி கண்ணாடியை உரசிக்கொண்டுதானே வருகிறது. ஆகவே இந்தச் சிக்கனம் ஓரளவு பலிக்கிறது. ஓரளவுதான். 60 டிகிரிப் பூவில் எதிர்ப்பக்கத்து இதழ் மூன்று முறை எதிரொளித்து வருகிறது. ஒவ்வொரு முறையும் 39 பங்குதான் தேறும் என்றால் கடைசியில் மிஞ்சுவது 6 பங்கு. முறைக்கு 90 பங்கு திருப்பும் நல்ல கண்ணாடியில் 73 பங்கு வரும். மலிவுக் குழாயில் பக்கத்து இதழ் பளிச்சென்றும் எதிர் இதழ் அழுது வடிந்தும் இருப்பது இதனால்தான்.

சரி, முகம் பார்க்கும் கண்ணாடியையே போட்டால்? அதற்கு வேறு நோய் இருக்கிறது. அதன் ரசம் கண்ணாடியின் முதுகில் இருக்கிறது. ரசம் ஒரு பிம்பம் தர, முன்பரப்பு தன் பங்குக்கு மங்கலாக இன்னொன்று தரும்; உரசி வரும் ஒளியில் அந்த இரண்டாவதும் வலுத்துவிடும். மூலையில் இரண்டு ரசப் பரப்புகளும் தொட்டுக்கொள்ளாமல் கண்ணாடித் தடிமன் இடையில் நின்று கறுப்புக் கோடு போடும். விலையுயர்ந்த கலைடாஸ்கோப் செய்கிறவர்கள் ஆகவே முன்பக்கம் ரசம் ஏற்றிய கண்ணாடியை வாங்குகிறார்கள்.

முன்பரப்பிலேயே எதிரொளிக்கும் கண்ணாடியைக் கேரளத்தில் இருந்துகொண்டு வெளியே தேட வேண்டியதில்லை. இடுக்கிக்கு அடுத்த மாவட்டமான பத்தனம்திட்டையில், ஆறன்முளையில் செய்கிறார்கள். கண்ணாடி என்று பேர்தானே தவிர அதில் கண்ணாடி கிடையாது. மூன்றில் இரண்டு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம். இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் உலோகம் கண்ணாடிபோலவே கடினமாகி, தட்டினால் உடைந்துபோகும். ஆனால் தேய்க்கத் தேய்க்க வெள்ளையாக மின்னும். பெங்களூரு தேசிய உயராய்வு நிறுவனத்தின் சாரதா சீனிவாசன் அதன் உள்ளமைப்பை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். செய்கிற குடும்பங்களின் வாய்மொழிக் கதை அவர்கள் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கோயில் வேலைக்கு வந்தவர்கள் என்கிறது. அந்தக் கண்ணாடியில் பென்சில் முனையை வைத்துப் பாருங்கள்: முனையும் பிம்பமும் இடைவெளியே இல்லாமல் முட்டிக்கொள்ளும். வீட்டுக் கண்ணாடியில் வைத்தால் நடுவே சந்து தெரியும். ஆறன்முளைக் கண்ணாடியில் கலைடாஸ்கோப் செய்தால் மூலையில் கறுப்புக் கோடே வராது. விலையை நினைத்தால் யாரும் செய்யமாட்டார்கள்.

பார்க்கிற கண்ணும் ஒன்றல்ல. பேரன் ‘எவ்வளவு அழகு’ என்று கொடுத்த குழாயைத் தாத்தா வாங்கிப் பார்த்து ‘ம்’ என்று திருப்பிக் கொடுப்பதற்கு ரசனைக் குறைவு காரணமில்லை. 15 செ.மீ. குழாயில் வளையல் துண்டுகள் கண்ணிலிருந்து 15 செ.மீ. தூரத்தில் இருக்கின்றன. பத்து வயதுக் கண் அதைவிடக் கிட்டத்தில் இருப்பதையும் கூர்மையாகப் பார்க்கும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அது வெறும் வண்ணக் குழம்பு. பிரூஸ்டர் குட்டைக் குழாய்களுக்குக் கண் பக்கம் லென்ஸ் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். தாத்தா படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் பேரன் சொன்னது புரியும்.

நுனிப் பெட்டியில் எதைப் போடுவது என்பதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. மறையூர், காந்தளூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் காட்டோரம் பொறுக்கிய குன்றிமணியை ஆசையாகப் போடுவார்கள். கையில் இருக்கும்போது அப்படியொரு சிவப்பு. குழாயில் பார்த்தால் கறுப்புப் புள்ளி. ஒளி பின்னாலிருந்து வருகிறது, குன்றிமணி அதை ஊடுருவ விடுவதில்லை, நிழல் மட்டும் தெரிகிறது. (வாயில் போட்டுக் கடித்தால் விஷம் என்பதால் சின்னப் பிள்ளைகள் கையில் அது இல்லாமலிருப்பதே நல்லது.) ஃபிரோசாபாத்திலிருந்து வரும் கண்ணாடி வளையலுக்கு ஈடு இல்லை. நிறம் கண்ணாடியின் உடம்பிலேயே இருப்பதால் ஒளி நிறமேறி வெளியே வரும். வளைவு இருப்பதால் ஒவ்வொரு துண்டும் இதழின் ஓரத்தை வரைந்து கொடுக்கும். 1870களில் பாஸ்டனின் சார்லஸ் புஷ், திரவமும் காற்றுக்குமிழியும் அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பிகளைப் போட்டு விற்றார். குழாயை நிறுத்திய பிறகும் குமிழி நகர்ந்துகொண்டே இருக்கும்.

வெளிச்சத்துக்கு மூணாறுதான். சித்தூர் வெயிலில் குழாயை வானத்துப் பக்கம் தூக்கினால் ஒரு பக்க இதழ் கொதிக்கும், மறுபக்கம் இருளும். சூரியனுக்கு நேரே பிடித்துவிட்டால் கண்ணுக்கே ஆபத்து. நுனியில் எண்ணெய்த்தாளோ பால்வெள்ளைப் பிளாஸ்டிக்கோ ஒட்டுவது ஒளியைக் கலைத்துச் சமமாக்கத்தான். ஆனி, ஆடி மாதத்தில் தேவிகுளம் மலையில் மேகம் இறங்கி நிற்கும்போது அந்த வேலையை வானமே செய்துவிடுகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வெள்ளை.

இவ்வளவு சொன்ன பிறகு கலைடாஸ்கோப்பால் முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அதில் எத்தனை கோடி முறை திருப்பினாலும் வராத வடிவங்கள் நம் வாசலில் தினமும் வருகின்றன. கல்பாத்தி அக்ரகாரத்திலோ வேலந்தாவளத்துத் தெருவிலோ காலையில் போட்ட கோலங்களைப் பார்த்துக்கொண்டே நடங்கள். தாமரைக் கோலத்தின் நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தினால் பாதி மறைந்தாலும் கோலம் முழுசாகவே தெரியும். அந்த மாதிரிக் கோலம் கலைடாஸ்கோப்பில் வரலாம். சிக்குக் கோலங்களில் சில அப்படி இல்லை. நாலு கைகளும் ஒரே பக்கமாக வளைந்து, முழுக் கோலமும் சுழல்வதுபோல நிற்கும். கால் சுற்றுத் திருப்பினால் அதே கோலம். கண்ணாடியில் காட்டினால் எதிர்ப்பக்கம் சுழலும் வேறு கோலம். கலைடாஸ்கோப்பில் ஒவ்வொரு இதழும் பக்கத்து இதழின் கண்ணாடிப் பிம்பம் என்பதால் ஒரே திசையில் சுழலும் வடிவம் அதில் பிறக்கவே முடியாது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடனிருந்தவர்களும் 1970களில் கோலங்களைக் கணினிக்குரிய இலக்கண விதிகளாக எழுத ஆரம்பித்தார்கள். புள்ளியும் வளைவும் எப்படித் திரும்புகின்றன என்பதை விதியாகச் சொன்னால் போதும், கண்ணாடி அங்கே தேவைப்படவில்லை. ஓணத்துப் பூக்களத்திலும் இரண்டு வகையும் உண்டு. போட்டுக்கொண்டிருக்கிறவர்களிடம் இது எந்த வகை என்று கேட்டால் வாக்குவாதம் உறுதி.

இன்னொரு கலைடாஸ்கோப் இருக்கிறது. அதை யாரும் கண்ணில் வைத்துப் பார்ப்பதில்லை. கேரள அரசுப் பள்ளிகளில், நம் தமிழ் வழி வகுப்புகளிலும்தான், இப்போது புரொஜெக்டர் இருக்கிறது. அதில் டி.எல்.பி. என்கிற வகையைப் பிரித்தால் பல மாதிரிகளில் விளக்குக்கு முன்னால் விரல் நீளம்கூட இல்லாத ஒரு செவ்வகக் குழல் கிடைக்கும். நான்கு கண்ணாடிப் பட்டை, ரசம் உள்பக்கத்தின் முன்பரப்பில், மூலைகள் 90 டிகிரி. முன்னே சொன்ன நாலு கண்ணாடிச் செவ்வகமேதான். விளக்கின் ஒளி நடுவில் குவிந்தும் ஓரத்தில் நீர்த்தும் வருகிறது. அப்படியே திரைக்குப் போனால் நடு மட்டும் வெளுத்துவிடும். குழலுக்குள் அது சுவருக்குச் சுவர் எதிரொளித்து, விளக்கின் பல பிம்பங்களாகி, மறுமுனையில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சமமாகக் கலந்துவிடுகிறது. வண்ணத்தைப் பெருக்கி அடுக்கிக் காட்டுகிற அதே ஏற்பாடு இங்கே வெளிச்சத்தைக் கலக்கப் பயன்படுகிறது.

பழுதும் அதே பழுதுதான். விளக்கின் சூட்டில் நாளடைவில் பசை இளகி ஒரு பட்டை நழுவும். அன்றைக்குத் திரையின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை விழும், அல்லது ஒரு பக்கம் மங்கும். பல்பு போய்விட்டது என்று பல்பை மாற்றிப் பார்ப்பார்கள், சரியாகாது. குழலைக் கழற்றி அந்தப் பட்டையைத் திரும்ப 90 டிகிரிக்கு நிறுத்தி, சூடு தாங்கும் பசை போட்டு ஒட்டினால் படம் நேராகிவிடும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் குழலையே புதிதாக வாங்கிப் போட்டுவிடுகிறார்கள்.